பீரோவில் 60 மாத்திரை

கேள்வி: மாமியாருக்கு 68 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் முனகுகிறார். 4 மணி நேரத்துக்கு ஒன்று தரச் சொல்லி வலிக்கு மார்ஃபின் 84 மாத்திரை கொடுத்தார்கள். பழகிவிடும் என்று கணவர் (கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார்) பீரோவில் பூட்டிவைத்து, ரொம்ப முடியாதபோது எடுத்துத் தருகிறார். 12 நாளாகியும் 60 மிச்சம். ஏற்காடு நாகலூரில் இருக்கும் கொழுந்தனார், "இங்கே நல்ல காற்று, கூட்டிவாருங்கள்" என்கிறார். அனுப்பலாமா?
– ஒரு மருமகள், செவ்வாய்ப்பேட்டை

பதில்: காற்று இருக்கட்டும். அந்த 60 மாத்திரைக்கு முதலில் கணக்குச் சொல்லுங்கள்.

84 என்பது 14 நாளுக்கு. 12 நாளில் 72 உள்ளே போயிருக்க வேண்டும், போனது 24. ஆக 48 வேளை அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பட்டறையில் வெள்ளி மில்லிகிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிற மனிதருக்கு இது கண்ணில் படவில்லையா? உங்களுக்கும்தான். மிச்சம் பிடித்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வலி ஏறிய பிறகு கொடுத்தால் அதைப் பிடித்து இறக்குவது பெரும்பாடு. ஏறுவதற்கு முன்பே அடுத்த வேளை உள்ளே போக வேண்டும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று அலாரம் வையுங்கள். நள்ளிரவு 2 மணி வேளைக்கு எழுப்பாமலிருக்க இரவு 10 மணிக்கு இரண்டாகத் தரச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. உங்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். 12 நாள் விட்டுவிட்டுக் கொடுத்ததால் எந்த அளவில் தொடங்குவது என்பதையும் இன்றே கேளுங்கள். இடையில் வலி வந்தால் கூடுதலாக எவ்வளவு தரலாம் என்று எழுதி வாங்கி, தந்த நேரத்தை நோட்டில் குறியுங்கள். அப்படி அடிக்கடி தேவைப்பட்டால் வேளை அளவைக் கூட்ட வேண்டும் என்று பொருள்.

வலிக்காக, அளவோடு, நேரம் தவறாமல் தரும் மார்ஃபினுக்கு யாரும் அடிமையாவது மிக அரிது. உடம்பு பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே பேதி மாத்திரையும் சேர வேண்டும். தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் கொடுக்காதீர்கள், இறுகிக்கொள்ளும். 3 நாள் மலம் போகாவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே சொல்லுங்கள். கருப்பை வாய்ப் புற்று சிறுநீர்க் குழாயை அடைக்கலாம். அப்போது மருந்து உடம்பில் தேங்கும், அளவை மாற்ற வேண்டிவரும். எழுப்பியும் எழாமல் மூச்சு மந்தமானால் அடுத்த வேளையைத் தராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பூட்டிவைத்தது சரிதான், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் சாவி இரவில் எழுந்திருப்பவரிடம் இருக்க வேண்டும். உங்கள் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். மருந்துக்கும் பழத்துக்கும் பணம் கொடுத்தால் மகன் கடமை தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. 10 மணி மாத்திரையை அவரே கொடுத்து, அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுத் தூங்கட்டும்.

இந்த மாத்திரை தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வைத்துக் கொடுக்கின்றன, தீருமுன் போய் வாங்குங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தீர்களா?

நாகலூருக்கு இப்போது வேண்டாம். வலி அடங்கி, அந்த அம்மாளே "போகலாம்" என்று வாய்விட்டுச் சொன்னால் போங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும். வாந்தி வராமலிருக்கும் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்னதாகக் கொடுத்து, மார்ஃபின் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிவதுண்டு, ஒரு வார மருந்தாவது கையில் இருக்கட்டும். அதுவரை கொழுந்தனார் வாரம் இரண்டு இரவு கீழே இறங்கி வந்து அம்மா பக்கத்தில் படுக்கட்டும். அவருக்கும் அந்த நோட்டைக் கொடுங்கள்.