தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தலாமா?

கேள்வி: கோவையில் ஹாஸ்டலில் தங்கி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் சமயத்தில் தூக்கம் வரவில்லை என்று அறைத் தோழன் அல்பிரசோலம் 0.25 மி.கி. மாத்திரை கொடுத்தான். மூன்று மாதமாகத் தினமும் போடுகிறேன். இப்போது நான்கு போட்டால்தான் தூக்கம் வருகிறது. பரீட்சை நேரத்தில் விழித்திருக்க எப்போதாவது மோடாஃபினிலும் போடுவேன். போன வாரம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டாம் நாளே கை நடுக்கம், படபடப்பு, பொட்டுத் தூக்கம் இல்லை. பயந்து மறுபடி ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்குத் தெரியாமல் விட முடியுமா?

பதில்: விட வேண்டும் என்று நினைத்தீர்களே, நல்லது தம்பி. ஆனால் அல்பிரசோலத்தை இனி ஒருமுறைகூட நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வந்த நடுக்கம் மன உறுதி இல்லாததால் வந்தது அல்ல. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை இந்த மாத்திரை கூட்டுகிறது. தினமும் போடும்போது மூளை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒன்று நான்கானது அதனால்தான். உடம்பில் உள்ள மருந்தில் பாதி சுமார் 11 மணி நேரத்தில் வெளியேறிவிடும் என்பதால், நிறுத்திய ஓரிரு நாளிலேயே மூளை தடையில்லாமல் தூண்டப்படுகிறது. சிலருக்கு இது வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. எத்தனை மாத்திரை, எத்தனை நாளாக, கூட வேறென்ன என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். காலி அட்டையையும் எடுத்துப் போங்கள். அவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், அல்லது உடம்பில் அதிக நேரம் தங்கும் டயசெபம் போன்ற மருந்துக்கு மாற்றிக் குறைப்பார். இதற்குச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகலாம். அவரைப் பார்க்கும் வரை அளவைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மது, கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால், டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் எதையும் இதோடு சேர்க்காதீர்கள். சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் 108.

மோடாஃபினில் வேறு கதை. எப்போதாவது போட்டதுதானே, இன்றே விட்டுவிடலாம். இரவு 10 மணிக்குப் போட்டால் மறுநாள் மதியம்கூட ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். அது கெடுத்த தூக்கத்தை அல்பிரசோலத்தால் வாங்கப் பார்த்திருக்கிறீர்கள்.

அல்பிரசோலம், விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள அட்டவணை எச்1 மருந்து. கடைக்காரர் மருத்துவர் சீட்டைப் பார்த்து, நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதை மதிக்காமல் மாணவர்களுக்கு அட்டை அட்டையாக விற்கும் கடைகள் மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். 18 வயது முடிந்தவர் நீங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களைத் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் யாரிடமும் சொல்லக்கூடாது. ஆனாலும் அளவு குறையும் வாரங்களில் தூக்கம் மோசமாகத்தான் இருக்கும். அக்காவோ அண்ணனோ, நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருந்தால் நல்லது. நடு இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.