ரீசெட் பண்ணலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

தங்கச்சிமடம் வாசகர்:
அண்ணே, தடைக்காலம், படகு கரையில நிக்குது, நான் போன்ல குக்கீ கிளிக்கர்ங்கிற, குக்கீ சுட்டு சேக்குற கேமோட உக்காந்துட்டேன். இதுவரைக்கும் 1000 டிரில்லியன் குக்கீ சுட்டாச்சு, ரீசெட் பண்ணா, அதான் அசெண்ட், இருக்குறத விட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சா, வேகத்த கூட்டுற 10 பிரஸ்டீஜ் லெவல் கிடைக்கும்னு காட்டுது. மச்சான் இப்பவே அசெண்ட் பண்ணுங்கிறான், கூட வர்ற இன்னொருத்தன் 440 லெவல் வர்ற வரைக்கும் தொடாதங்கிறான். ஜூன் 15ல இருந்து கடலுக்குப் போகணும், யார் பேச்ச கேக்குறது?

பதில்:
தம்பி, இப்ப பண்ணாத. 10 லெவல்னா 10 பர்சன்ட் கூடும்னு மச்சான் சொல்லியிருப்பான், ஆனா அது முழுசா உடனே கைக்கு வராது. லெவலுக்கு ஒண்ணுன்னு ஹெவன்லி சிப் கிடைக்கும், முதல்ல அதுல 1 குடுத்து லெகசிங்கிற அப்கிரேட் வாங்கணும், அதுக்கப்புறம் ஆட்டத்துக்குள்ள ஹெவன்லி சிப் சீக்ரெட்னு ஒண்ணு வாங்குனா அந்த 10 பர்சன்ட்ல வெறும் 5 பர்சன்ட்தான் திறக்கும், அதாவது உன் வேகத்துல அரை பர்சன்ட். 25, 50, 75, 100னு மிச்சத்த ஒவ்வொண்ணா திறக்கணும், அதையும் ஒவ்வொரு ரீசெட்டுக்கு அப்புறமும் திரும்ப வாங்கணும். முழுசா திறந்தாலும் 10 பர்சன்ட்தான், அதுக்காக இருக்குற பில்டிங், அப்கிரேட் எல்லாத்தையும் விட்டுட்டு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

பயப்படாத, சுட்ட கணக்கு எங்கயும் போகாது. பிரஸ்டீஜ் லெவல்ங்கிறது ஆரம்பத்துல இருந்து இதுவரை மொத்தமா சுட்ட குக்கீய 1 டிரில்லியனால வகுத்து அதுக்கு கனமூலம் எடுக்குறது, அவ்வளவுதான், அந்த மொத்தம் ரீசெட் பண்ணாலும் அழியாது. 1 டிரில்லியனுக்கு 1 லெவல், 8 டிரில்லியனுக்கு 2, 27க்கு 3, உன் 1000க்கு 10. பதினோராவது லெவலுக்கே இன்னும் 331 டிரில்லியன் சுடணும், அப்பிடித்தான் போகப் போக விலை ஏறும். 440க்கு மொத்தம் 8.5 கோடி டிரில்லியன் வேணும். கேக்கும்போது மலைப்பா இருக்கும், ஆனா இந்த கேம்ல வேகமும் கூடிக்கிட்டே போகும், அதனால இன்னைக்கு உள்ள வேகத்த வச்சு எத்தனை நாளாகும்னு கணக்கு போட்டு சோர்ந்துராத. பழைய ஆளுங்க 440னு சொல்றதுக்கு காரணம், அவ்வளவு சிப்ஸ் இருந்தா முதல் தடவையே உருப்படியா நாலஞ்சு சாமான் வாங்கலாம், ரீசெட் பண்ணாலும் ஒரு அப்கிரேட் போகாம வச்சிருக்குற பெர்மனென்ட் அப்கிரேட் ஸ்லாட்டுக்கே 100 சிப்ஸ் வேணுமே.

நான் முதல் தடவை 3 லெவல்ல அவசரப்பட்டு அசெண்ட் பண்ணேன், பழைய வேகத்துக்கு வர அஞ்சு நாள் ஆச்சு, இன்னைக்கும் மனசு ஆறல. அதான் உன்கிட்ட இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஒரு விஷயம் மட்டும் உன் தொழிலுக்காக யோசி. கடல்ல சிக்னல் கிடையாது, போன மூடி வச்சிருப்ப, கேமும் மூடியிருக்கும், மூடியிருந்தா ஒரு குக்கீகூட சுடாது. ட்வின் கேட்ஸ்னு 1 சிப் விலையில ஒரு அப்கிரேட் இருக்கு, அத வாங்குனாத்தான் மூடியிருக்கும்போதும் சுடும், அதுவும் வழக்கமான வேகத்துல 5 பர்சன்ட், முதல் 1 மணி நேரத்துக்கு, அதுக்கப்புறம் அதுல பத்துல ஒரு பங்கு. ராத்திரி முழுக்க கடல்ல இருக்குறவனுக்கு இதுல பெருசா ஒண்ணும் தேறாது. அதனால ஜூன் 14 வரைக்கும் கையில இருக்குற நாள்ல முதல் ரீசெட்ட நல்ல லெவல்ல முடிச்சிடு, 440 எட்டலைன்னாலும் 100 தாண்டிடு.

ரெண்டாவது ரீசெட்டுல இருந்து நம்பர கேக்காத, வேகத்த பாரு. ஒரே எடத்துல வலை இழுத்துக்கிட்டே இருந்தா முதல்ல நல்லா மாட்டும், அப்புறம் குறையும், வேற எடத்துக்கு ஓடுனா டீசலும் நேரமும் செலவு, எப்ப கிளம்பணும்னு உனக்குத் தெரியும்ல, அதேதான் இது. ரீசெட் பண்ணதுல இருந்து எத்தனை மணி நேரம், இப்ப பண்ணா எத்தனை லெவல் கூடும், வகுத்து எழுதி வை. 2 மணி நேரத்துல 10னா மணிக்கு 5. 3 மணி நேரத்துல 18னா மணிக்கு 6. 4 மணி நேரத்துல 22னா 5.5, இறங்க ஆரம்பிச்சிருச்சு, அப்ப பண்ணிடு. கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா பரவால்ல, ஒரு பில்டிங் வாங்குனா அடுத்ததுக்கு விலை 15 பர்சன்ட் ஏறுற கேம் இது, ஒருநாள் எல்லாமே மந்தமாத்தான் செய்யும்.

கீழக்கரை வாசகர்:
காக்கா, நான் ஆட்வென்ச்சர் கேப்பிடலிஸ்ட்னு கடை வாங்கி சம்பாதிக்கிற கேம் ஆடுறேன். ரீசெட் பண்ணா கிடைக்கிற, லாபத்த கூட்டுற ஏஞ்சல் ரெண்டு மடங்கானா ரீசெட் பண்ணுன்னு சொல்றாங்க. எனக்கு 50 இருக்கு, இன்னும் 50 வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

பதில்:
காத்திருங்க தம்பி, ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு காத்திருங்க. ஒரு ஏஞ்சலுக்கு 2 பர்சன்ட் லாபம் கூடும், 50 ஏஞ்சல்னா வருமானம் 2 மடங்கு, 100னா 3 மடங்கு. அதாவது ஏஞ்சல் ரெண்டு மடங்கானா வருமானம் ஒன்றரை மடங்குதான் ஆகுது, ஏஞ்சல் ஆயிரக்கணக்குல இருக்கும்போதுதான் ரெண்டுக்கு ரெண்டு கிட்டத்தட்ட சரியா வரும். இங்க வர்க்கமூலக் கணக்கு, ஏஞ்சல ரெண்டு மடங்காக்க மொத்த சம்பாத்தியம் நாலு மடங்காகணும். 10 ஏஞ்சல் கூடுனதுமே ரீசெட் பண்ணா 2ல இருந்து 2.2 மடங்கு, அதுக்காக கடை, மேனேஜர் எல்லாத்தையும் திரும்ப வாங்குறது நஷ்டம். இன்னொண்ணு, ஏஞ்சல செலவு பண்ணி அப்கிரேட் வாங்குனா அந்த ஏஞ்சலோட போனஸும் போயிடும், குக்கீ கிளிக்கர்ல சிப்ஸ செலவு பண்ணாலும் லெவல் குறையாது, ரெண்டையும் ஒண்ணா நெனச்சு ஏமாந்துராதீங்க.

ஏர்வாடியில இருந்து ஒரு அம்மா:
பையன் போன்ல குக்கீ கேம் ஆடுவான், சின்னவ கை பட்டு அசெண்ட் ஆயிடுச்சாம், சாப்பிடாம அழுதுக்கிட்டு இருக்கான். எதாவது செய்ய முடியுமா?

பதில்:
அக்கா, அவன்கிட்ட முதல்ல இத சொல்லுங்க, அவன் வாங்குன அச்சீவ்மென்ட் ஒண்ணும் போகல, மொத்தமா சுட்ட குக்கீ கணக்கும் அப்படியே இருக்கு, கையில இருந்த குக்கீ, பில்டிங், அப்கிரேட்தான் போச்சு. முன்னாடி சேவ எக்ஸ்போர்ட் பண்ணி எங்கயாவது வச்சிருந்தா அத இம்போர்ட் பண்ணா பழைய நிலைக்கே வந்துடும். இல்லைன்னா கிடைச்ச சிப்ஸ்ல லெகசி வாங்கிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, இனிமே ராத்திரி படுக்கும்போது அந்த எக்ஸ்போர்ட் எழுத்த காப்பி பண்ணி உங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க. சின்னவள திட்டாதீங்க.