என்ஜின் அறைக்குள் ஃபைபர் பாகங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கண்ணாடி இழைத் துணியும் எபாக்சி ரெசினும் கொண்டு என் காருக்கு ஏர் ஃபில்டர் பெட்டி ஒன்றை நானே செய்தேன். இரண்டு நாள் காயவிட்ட பிறகு கல்லைப் போல் இறுகியிருந்தது. பொருத்தி ஒரு வாரம் ஓட்டியதும் மேல்மூடி குழிந்து, போல்ட்டுகளும் தளர்ந்துவிட்டன. கார்பன் ஃபைபரில் செய்திருந்தால் இப்படி நேர்ந்திருக்குமா?

பதில்: நேர்ந்திருக்கும். கண்ணாடி இழையும் கார்பன் இழையும் சில நூறு டிகிரி வெப்பத்தைத் தாங்குபவை. உங்கள் பெட்டியில் இளகியது இழையன்று, இழைகளைப் பிணைத்திருந்த ரெசின். ஒவ்வொரு ரெசினுக்கும், கெட்டித்தன்மையை இழந்து ரப்பரைப் போல வளையத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. சாதாரண எபாக்சியை அறை வெப்பத்தில் மட்டும் இறுகவிட்டால் அந்த எல்லை பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நின்றுவிடும். கையில் எடுத்துப் பார்க்கும்போது கல்லைப் போல் இருப்பதால் இது நமக்குத் தெரிவதில்லை.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வீசும் காற்று பாகங்களை ஓரளவு குளிரவைக்கிறது. நிறுத்திய பின்னரோ, காற்றோட்டம் நின்று, சுமார் 90 டிகிரியில் இருக்கும் குளிர்விப்பு நீரும் அதைவிடப் பன்மடங்கு சூடான எக்ஸாஸ்ட் குழாய்களும் தம் வெப்பத்தை மூடிய பானட்டுக்குள் விடுவதால், அடுத்த சில நிமிடங்களில்தான் உங்கள் பெட்டி மிகுந்த சூட்டைச் சந்திக்கிறது. ஓட்டும்போது தொட்டுப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இந்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஆகவே உயர் வெப்பத்துக்கென விற்கப்படும் எபாக்சியை வாங்குங்கள். அதன் தகவல் தாளில் சொல்லியபடி, இறுகிய பின் மறுபடியும் சூடேற்றிப் பதப்படுத்துங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் விலை உயர்ந்த ரெசினும் சாதாரண ரெசினைப் போலவே நடந்துகொள்ளும். பாகம் அச்சிலேயே இருக்க, வெப்பத்தை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். ரெசினின் தாங்கும் எல்லை உயரும் வேகத்தைவிட நீங்கள் சூட்டை வேகமாக ஏற்றினால், பாகம் தன் எடையாலேயே வளைந்துபோகும். சமையலுக்குப் பயன்படும் அடுப்பை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

பாகம் செய்யும்போதே, அதே துணியில் அதே ரெசினில் விரலகலத்தில் ஒரு பட்டையையும் செய்து, பாகத்தோடு சேர்த்தே பதப்படுத்தி வையுங்கள் என்று நான் எல்லோரையும் வற்புறுத்துவேன். அந்தப் பட்டையைக் கொதிநீரில் சில நிமிடங்கள் வைத்து, இடுக்கியால் எடுத்து உடனே வளைத்துப் பாருங்கள். அது துவண்டால் பாகமும் துவளும். அதைக் காரில் அறிவதைவிடப் பாத்திரத்தில் அறிவது நல்லது.

போல்ட்டுகள் தளர்ந்ததற்கும் இதே இளக்கம்தான் காரணம். இறுக்கத்தின் அழுத்தத்தில் ரெசின் சூட்டில் சிறிது சிறிதாக நசுங்கி விலகிவிடுகிறது. துளைக்குள் உலோக புஷ் (சிறு குழல்) ஒன்றைப் பதித்து, அதன் உயரம் தகட்டின் கனத்துக்குச் சமமாக இருக்கும்படி செய்தால், போல்ட்டின் அழுத்தத்தை உலோகம் ஏற்கும், ரெசின் தப்பிக்கும்.

கேள்வி: கையில் இருக்கும், நறுக்கிய கண்ணாடி இழைகளாலான பாயை எபாக்சியோடு பயன்படுத்தலாமா?

பதில்: தவிர்ப்பது நல்லது. பெரும்பாலான பாய்களில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்புப் பொருள், பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரையும்படி அமைந்தது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் பாய் நெகிழாமல் விறைப்பாக நின்று, வளைவுகளில் காற்றை அடைத்துவிடும். நெய்த துணியே எபாக்சிக்கு ஏற்றது.

கேள்வி: அலுமினியச் சட்டத்தில் நான் பொருத்திய கார்பன் ஃபைபர் தகட்டின் ஓரங்களில் வெள்ளைப் பொடி படிகிறது. ஏன்?

பதில்: கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தோடு நேரடியாகத் தொட்டு, இடையில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டும் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது. நீங்கள் பார்க்கும் பொடி அந்த அரிப்பின் விளைவு. தொடும் பரப்பில் ஒரு அடுக்கு கண்ணாடி இழைத் துணியை இட்டு, வெட்டிய ஓரங்களையும் துளைகளின் உட்சுவரையும் ரெசினால் மூடுங்கள். பேட்டரி மூடியைக் கார்பனில் செய்ய நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: தகடு பேட்டரி முனைகளின் மேல் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம். அந்த இடத்துக்குக் கண்ணாடி இழையே போதும்.

கேள்வி: என்ஜினின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டைக் கார் நிறுவனங்களே பிளாஸ்டிக்கில் செய்கின்றனவே, வீட்டில் நாமும் செய்தால் என்ன?

பதில்: நிறுவனங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது கண்ணாடி இழைத் துணுக்குகள் கலந்த நைலான், உருக்கி, உயர் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்க்கிறார்கள். அதன் ஒரு வகையான நைலான் 66 உருகுவதே சுமார் 260 டிகிரியில்தான். கையால் ரெசின் தடவிச் செய்யும் பாகத்தோடு அதை ஒப்பிட முடியாது. உங்கள் குழாயின் உட்புறத்திலிருந்து ஒரு ரெசின் செதில் பெயர்ந்தால் அது நேராக வால்வை நோக்கித்தான் போகும். டர்போ உள்ள என்ஜினில் குழாய் வெடிக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. ஃபில்டருக்கு முந்தைய காற்றுக்குழாய், ரேடியேட்டருக்குக் காற்றைத் திருப்பும் தடுப்பு, என்ஜின் மேல்மூடி ஆகியவற்றில் கைபழகிய பின்னரே இதைப் பற்றி யோசியுங்கள்.

எரிபொருள் செல்லும் எந்தப் பாகத்தையும், பிரேக் ஆயில் கலனையும், அழுத்தத்தில் வெந்நீர் நிற்கும் கலனையும் வீட்டில் செய்ய நான் யாருக்கும் வழி சொல்ல மாட்டேன். ரெசின் எரியக்கூடிய பொருள் என்பதால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே எதை வைத்தாலும் இடையில் காற்று இடைவெளி விட்டு, வெப்பத்தைத் திருப்பும் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள்.

கேள்வி: ரெசின் வேலைக்குப் பிறகு மணிக்கட்டில் அரிப்பு எடுக்கிறது. பொறுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எபாக்சியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் தடிக்கும். வேலையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மீண்டும் தொடங்குவதானால் நீளமான நைட்ரைல் கையுறை அணியுங்கள். தோலில் பட்ட ரெசினைக் கரைப்பானால் துடைக்காமல் சோப்பால் கழுவுங்கள். இறுகிய பாகத்தைத் தேய்க்கும்போது தூசியை அடக்க, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தி, முகக்கவசமும் அணியுங்கள்.