மைக்கில் விழாத ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

2008இல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய சிட்னி கிரிக்கெட் டெஸ்ட்டை வைத்து எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. யாரோ ஒரு பழைய வீடியோவை அனுப்பியதில் ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸை நம் ஹர்பஜன் சிங் 'மங்கி' (குரங்கு) என்றாரா இல்லையா? "நீதிபதியே விடுதலை செய்துவிட்டார். ஹர்பஜன் சொன்னது இந்தி வசை, அது அவர்கள் காதில் மங்கி என்று விழுந்தது. சைமண்ட்ஸ் பொய்யர்" என்கிறான் தம்பி. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளோ, "இந்தியக் கிரிக்கெட் வாரியம் மிரட்டி வாங்கிய தீர்ப்பு. ஹர்பஜன் இனவெறியர்" என்கிறாள். நடுவில் அம்மா வந்து, "குரங்கேன்னு உங்களை ஒரு நாளைக்குப் பத்து தடவை திட்டியிருக்கேன். அதுல என்னடா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்த மாதிரி விவகாரங்களில் எதை வைத்து ஒரு முடிவுக்கு வருவது?

க.ம.,
திண்டுக்கல்

அன்புள்ள க.ம.,

உங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சண்டை ஓயாததற்கு அதுதான் காரணம். அந்தச் சொல் சொல்லப்பட்டதா என்பது தம்பியின் கேள்வி. சொல்லியிருந்தால் அதற்கு என்ன பொருள் என்பது அம்மாவின் கேள்வி. அண்ணன் மகள் இரண்டையும் தாண்டி, ஹர்பஜன் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கே போய்விட்டாள். பிரபலங்கள் மேல் இனவசைப் புகார் எழும்போதெல்லாம் ஊர் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. விசாரணைக் குழுக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2008 ஜனவரி 4, ஆட்டத்தின் மூன்றாம் நாள். சச்சினும் ஹர்பஜனும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ரன் ஓடும்போது ஹர்பஜன் மட்டையால் பிரெட் லீயின் பின்பக்கம் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். லீ அதைப் பொருட்படுத்தவில்லை. சைமண்ட்ஸ் குறுக்கே வந்து ஹர்பஜனை ஏசினார், ஹர்பஜன் திரும்பிப் பேசினார். கேப்டன் பாண்டிங் நடுவர்களிடம் புகார் சொன்னார். குற்றச்சாட்டு, சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) அன்றைய நடத்தை விதி 3.3, அதாவது இனம், நிறம், மதம், பிறப்பு போன்றவற்றை வைத்து ஒருவரை இழிவுபடுத்துதல். மூன்றாம் நிலைக் குற்றம். நிரூபணமானால் 2 முதல் 4 டெஸ்ட் வரை தடை.

ஆட்டம் முடிந்த 6ஆம் தேதி இரவே மேட்ச் ரெஃப்ரி மைக் புராக்டர் விசாரித்தார். நள்ளிரவைத் தாண்டியும் நடந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை என்று சொல்லி மூன்று டெஸ்ட் தடை விதித்தார். மேல்முறையீட்டை நியூசிலாந்து உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் ஹேன்சன் ஜனவரி 29 அன்று அடிலெய்டில் விசாரித்தார். 3.3 நிரூபணமாகவில்லை என்றார். ஆனால் 2.8 என்னும் விதியின் கீழ், இனம் சாராத வசைக்காக, ஆட்டச் சம்பளத்தில் பாதியை அபராதமாகப் போட்டார். அந்த வசையை ஹர்பஜன் ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே தம்பி சொல்லும் 'விடுதலை' பாதிதான் சரி.

ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள், 23 நாள் இடைவெளியில் இரண்டு முடிவுகள். மிரட்டலைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று அண்ணன் மகள் நினைப்பது புரிகிறது. மிரட்டல் இல்லாமலும் இல்லை. இந்திய அணி கான்பெராவுக்குக் கிளம்பாமல் சிட்னியிலேயே உட்கார்ந்துவிட்டது. அடுத்த பெர்த் டெஸ்ட்டுக்கு நடுவர் ஸ்டீவ் பக்னரை நீக்கி பில்லி பௌடனைப் போட்டார்கள். அழுத்தம் பலித்த இடம் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஹேன்சன் தன் முடிவுக்கான காரணங்களை எழுதிவைத்திருக்கிறார். எழுதிய காரணம் கையில் இருக்கும்போது அதை எடைபோட்டுவிட்டுத்தான் மற்றதற்குப் போகவேண்டும்.

அந்தக் காரணங்களின் மையம் காதுகள். 'கேட்டேன்' என்றவர்கள் சைமண்ட்ஸ், மைக்கேல் கிளார்க், மேத்யூ ஹேடன் என மூன்று பேர். பாண்டிங்கும் கில்கிறிஸ்ட்டும் சாட்சி சொன்னார்களே தவிர அந்தச் சொல்லைத் தாங்களே கேட்டதாகச் சொல்லவில்லை. ஐந்து பேர் சாட்சி என்று செய்தியில் படித்தால், அதில் கேட்டவர் எத்தனை பேர், கேட்டவரிடமிருந்து கேட்டவர் எத்தனை பேர் என்று பிரித்துவிட வேண்டும். கிளார்க் விஷயத்தில் ஹேன்சன் ஒன்றைக் கவனித்தார். சூடாகவும் ஓரளவு நீளமாகவும் நடந்த அந்தப் பேச்சில் 'பிக் மங்கி' என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் கிளார்க் காதில் விழவில்லை. இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கிறது என்று எழுதினார். பொய் என்று எழுதவில்லை. சாட்சியைப் பொய்யாக்குவது வேறு, அதன் எடையைக் குறைப்பது வேறு.

ஸ்டம்ப் மைக், அதாவது ஆடுகளத்தில் ஸ்டம்ப் பக்கத்தில் இருக்கும் மைக், அதன் பதிவும் ஹேன்சன் முன் வந்தது. ஹேடன் இதை இனவசை என்று சொல்வதும், அவன்தான் ஆரம்பித்தான் என்று ஹர்பஜன் சொல்வதும் அதில் இருக்கின்றன. எல்லாரும் தேடும் அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. ஹேடன் அந்தக் கணத்திலேயே அப்படிச் சொன்னது புகாருக்கு நல்ல பலம். பிறகு ஓய்வறையில் உட்கார்ந்து ஜோடித்த கதை அல்ல என்று அது காட்டுகிறது. ஆனால் அவர் சரியாகக் கேட்டார் என்று அது காட்டாது.

இப்போது தம்பியின் இந்தி வசைக்கு வருவோம். மேல்முறையீட்டில் சச்சின், தான் 'மங்கி' என்ற சொல்லைக் கேட்கவில்லை, அம்மாவை இழுக்கும் இந்தி வசையான 'தேரி மா கீ' என்பதைக் கேட்டதாகச் சொன்னார். இந்த விளக்கம் முதல் இரவே ஏன் வரவில்லை என்று ஆஸ்திரேலிய வீரர்கள் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார்கள். நியாயமான கேள்விதான். ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த விளக்கம் வலுவானது. இந்தி 'மா' மூக்கொலியோடு முடிவது. அடுத்து ககரம் வந்தால் அந்த மூக்கொலி தானாக ஙகரமாகிவிடும், நம் 'மாங்காய்'போல. வேகமாகச் சொன்னால் 'தேரி மாங்கீ'. அதன் கடைசி இரண்டு அசைகளுக்கும் 'மங்கி'க்கும் இடையில் நிற்பது குறில், நெடில் வித்தியாசம்தான். ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அந்தக் குறிலுக்கும் நெடிலுக்கும் வாய் ஏறக்குறைய ஒரே மாதிரி திறக்கும், நீளம்தான் வேறு. கோபத்தில் கத்தும்போது முதலில் கரைவது இந்த நீளம்தான்.

ஆனால் அந்த 'பிக்' எங்கிருந்து வந்தது? 'தேரி'யை எப்படி உருட்டினாலும் 'பிக்' ஆகாது. தம்பியின் விளக்கம் இங்கே தட்டும். எதிர்பக்கத்துக்கும் ஒரு தட்டல் உண்டு. சில மாதங்களுக்கு முன்பு, 2007 அக்டோபரில், வடோதராவிலும் மும்பையிலும் கூட்டத்தில் சிலர் சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்குபோலச் சத்தம் எழுப்பியிருந்தார்கள். அதன் பிறகு ஹர்பஜனிடம் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொண்டதாகச் சைமண்ட்ஸ் சொன்னார். ஆக, அந்தச் சொல்லை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காது அது. எதிர்பார்க்கும் காது அரைகுறை ஒலியையும் முழுச் சொல்லாக்கிவிடும். இப்படி இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும்போது 'நிரூபணமாகவில்லை' என்பதுதான் வரக்கூடிய முடிவு. அது 'சொல்லவில்லை' என்பதற்குச் சமமல்ல. சைமண்ட்ஸ் பொய்யர் என்பதற்கு அது கிட்டேகூட வராது.

எவ்வளவு உறுதி இருந்தால் நிரூபணம் என்பது இடத்துக்கு இடம் மாறும். செய்தி படிப்பவர்கள் அதிகம் வழுக்குவது இதில்தான். 2011 அக்டோபரில் லண்டனில் நடந்த கால்பந்து ஆட்டத்தில் ஆன்டன் ஃபெர்டினாண்டை ஜான் டெரி நிறத்தைச் சொல்லித் திட்டியதாக வழக்கு. சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தவை என்பதில் தகராறே இல்லை. 'நான் அப்படிச் சொன்னதாக நீ நினைக்கிறாயா?' என்று மறுத்துத் திருப்பிச் சொன்னேன் என்பது அவர் வாதம். 2012 ஜூலையில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்தது. செப்டம்பரில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அதே சம்பவத்துக்கு 4 ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. நீதிமன்றத்தில் நியாயமான சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது. சங்கத்தில் 'இதுதான் நடந்திருக்க அதிக வாய்ப்பு' என்றால் போதும். ஹேன்சன் எடுத்துக்கொண்டது, குற்றச்சாட்டின் கடுமைக்கு ஏற்ப உறுதியும் கூடவேண்டும் என்னும் அளவுகோல். சிட்னி விவகாரம் அந்தக் கால்பந்துச் சங்கத்திடம் போயிருந்தால் ஹர்பஜன் தப்பியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அம்மாவின் கேள்விதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி. நம் வீட்டில் 'குரங்கே' என்றால் சேட்டைக்காரன். அது நம் மொழிக்குள், நம் பிள்ளையிடம் சொல்வது. சைமண்ட்ஸ் ஆப்பிரிக்க-கரீபிய வேர் கொண்டவர். ஐரோப்பிய மைதானங்களில் கறுப்பு வீரர்களைப் பார்த்துப் பல காலமாகக் குரங்குச் சத்தம் எழுப்பி, வாழைப்பழம் எறிந்திருக்கிறார்கள். அந்த வரலாறு ஒட்டிக்கொண்ட பிறகு அந்த மனிதரிடம் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது.

பொருளை எப்படி விசாரிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிக விரிவான முன்மாதிரி உருகுவே கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரஸ் வழக்கு. 2011இல் லிவர்பூல் மைதானத்தில் எதிரணியின் கறுப்பு வீரர் பாட்ரிஸ் எவ்ராவை ஸ்பானிஷில் 'நெக்ரோ' என்றார். உருகுவேயில் அது நண்பர்களை அழைக்கும் சொல்லும்கூட என்பது அவர் தரப்பு. இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் மூவர் குழு, மொழியும் பண்பாடும் தெரிந்த இரண்டு அறிஞர்களின் கருத்தைக் கேட்டது. சுவாரஸ் சொல்வதுபோல் சமாதானத் தொனியில் சொல்லியிருந்தால் உருகுவேயில் அது வசை ஆகாது, எவ்ரா சொல்வதுபோல் சொல்லியிருந்தால் உருகுவேயிலும் வசைதான் என்றார்கள் அவர்கள். ஆகவே கேள்வி அகராதியை விட்டு மறுபடி வீடியோவுக்கு வந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவே சுவாரஸ் எவ்ராவின் தோலைக் கிள்ளுகிறார். அது சமாதானமாம். குழு நம்பவில்லை. 115 பக்க அறிக்கை, 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்டு அபராதம். சமாதானம் பேசுகிறவன் கிள்ளுவானா என்று உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள்.

சிட்னியிலேயே இதற்கு மறுபக்கமும் நடந்தது. ஆஸ்திரேலியாவின் பிராட் ஹாக், கும்ப்ளேயையும் தோனியையும் 'பாஸ்டர்ட்ஸ்' என்றதாக இந்தியா புகார் கொடுத்தது. அவர்கள் ஊரில் நண்பனையே அப்படிக் கூப்பிடுவார்கள். நமக்கோ அது அம்மாவை இழுக்கும் சொல். அந்தப் புகாரை இந்தியா பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு நாட்டுக்காரர்களும் அடுத்தவன் சொல்லை அடுத்தவன் ஊர் அகராதியிலும், தன் சொல்லைத் தன் ஊர் அகராதியிலும் பார்த்தால் எல்லாருமே நிரபராதிகள்தான்.

தண்டனைக் கட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. ஹர்பஜனின் பழைய குற்றப் பட்டியல் ஹேன்சனுக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. 2001இல் தென்னாப்பிரிக்காவில் மேட்ச் ரெஃப்ரி மைக் டென்னஸ் விதித்து நிறுத்திவைத்த ஒரு டெஸ்ட் தடையும் விட்டுப்போனவற்றில் உண்டு. தரவுத்தளக் கோளாறும் மனிதத் தவறும் என்றது ஐசிசி. தெரிந்திருந்தால் தண்டனை கூடியிருக்கும், ஹர்பஜன் அதிர்ஷ்டசாலி என்று ஹேன்சன் வெளிப்படையாகவே சொன்னார். இதை வைத்து 'பார்த்தாயா, சொல்லியிருப்பார்' என்று யாராவது குழுவில் போட்டால் விடாதீர்கள். பழைய குற்றம் தண்டனையின் அளவுக்குத்தான் உதவும். அன்று என்ன சொன்னார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பின்னாள் பேட்டிகளும் அப்படித்தான். இருவரும் 2011இல் மும்பை இந்தியன்ஸ் அணியில் சேர்ந்தே ஆடினார்கள். ஹர்பஜன் தன்னிடம் உடைந்து அழுது மன்னிப்புக் கேட்டதாகச் சைமண்ட்ஸ் 2018இல் சொன்னார். எப்போது அழுதேன், எதற்கு அழுதேன் என்று ஹர்பஜன் கேட்டார். சைமண்ட்ஸ் 2022 மே மாதம் கார் விபத்தில் இறந்துவிட்டார். பத்து வருடம் கழித்து வரும் நினைவைவிட, சண்டை நடந்த அன்றே நடுவரிடம் சொன்னதற்குத்தான் எடை அதிகம்.

கடைசியாக, உங்கள் குழுவில் சுற்றும் அந்த வீடியோ. அதில் திரையின் கீழே 'மங்கி' என்றோ 'மா கீ' என்றோ யாராவது எழுத்து ஓடவிட்டிருந்தால், கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு, இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து என்ன கேட்கிறது என்று கேளுங்கள். முதலில் ஹெட்போன் இல்லாமல், பிறகு ஹெட்போனோடு. எழுத்தைப் படித்துவிட்ட உங்களுக்கு இனி வேறு எதுவும் கேட்காது.

அன்புடன்.