மலையகத்து ஓடைகளில் குருவியையும் மீனையும் எண்ணுகிறவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "இலங்கை மலையகத்தில் அழிந்துவரும் பறவைகள், நன்னீர் மீன்கள் பற்றி ஆய்வு செய்கிறோம் என்று அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? தோட்டத்து மக்களுக்கு அதனால் ஏதாவது உண்டா?"

நான் தோட்டத்தில் பிறந்தவன். விலங்கியல் படித்துவிட்டுக் கொஞ்சக் காலம் இப்படி வந்த குழுக்களோடு பை தூக்கி, வலை பிடித்து, குறிப்பு எழுதித் திரிந்தேன். இப்போது பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியவை. அங்கே ஆய்வுக்கும் காவலுக்கும் ஓரளவு ஆள் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்டில் பிறக்கிற தண்ணீர் எல்லைக் கல்லைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கிய பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் ஆள் குறைவு. குருவிக்கும் மீனுக்கும் சிக்கல் வருவதும் அங்கேதான்.

முதலில் பறவை. மலையகத்துக்கே உரிய பறவைகளில் ஆய்வாளர்கள் அதிகம் தேடி அலைவது இலங்கைச் சீகாரப் பூங்குருவியை. 1872இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான இனம். அதன் விஞ்ஞானப் பெயரின் பின்பாதியில் இருக்கிற 'பிளை' ஒரு கோப்பித் தோட்டத் துரையின் பெயர். (கோப்பி போடக் காடு வெட்டிய கூட்டத்தில் ஒருவரின் பெயர் காட்டுக் குருவிக்கு!) ஆண் கருநீலம், தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. பெண் பழுப்பு. உலகில் வேறெங்கும் இல்லை. இங்கேயும் ஏறக்குறைய 900 மீட்டருக்கு மேலே, மரம் மூடிய பள்ளங்களில், கல்லில் மோதி ஓடுகிற ஓடைகளை ஒட்டித்தான் இருக்கும். பூச்சி, நத்தை, சின்னத் தவளை தின்னும். ஓடையோரப் பாறை விளிம்பிலோ மரக் கவட்டிலோ கூடு கட்டும். சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அருகிய இனம்.

இதைக் கண்ணால் எண்ணுவது நடக்காத காரியம். விடியும் முன்னும் பொழுது சாயும்போதும் கீச்சென்று நீளமாக ஒரு விசில் வரும், அதை வைத்துத்தான் கணக்கு. ஓடை நெடுகக் குறித்த தூரத்துக்கு ஓர் இடம் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் குறித்த நேரம் அசையாமல் நிற்பார்கள். கேட்டது எது, எந்தத் திசை, ஏறக்குறைய எத்தனை மீட்டர் தள்ளி என்று எழுதுவார்கள். கேட்கவில்லை என்றாலும் எழுத வேண்டும். அந்த வெற்றுக் கட்டங்களுக்கும் பெறுமதி உண்டு. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் குருவி உண்மையிலேயே இல்லையா, அன்றைக்குச் சும்மா இருந்ததா என்று கணக்குப் போட முடியும். கால்சட்டைக்குள் அட்டை ஏறிக்கொண்டிருக்கும்போது அசையாமல் நிற்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போனாலும் நாலைந்து ஏறிவிடும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) தேத்தண்ணி கொடுத்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரிடம் எங்கள் குழுவில் ஒருவர் கைபேசியில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். "இதுவா தம்பி? பிரட்டுக்குப் போறப்ப அந்தக் கான் பக்கம் கேக்குமே. போன வருசம் மரத்த வெட்டுனாங்க, அதுக்கப்புறம் கேக்கல" என்றார். (பிரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம், கான் என்றால் நீரோடும் கால்வாய்.) எந்த ஓடை, எந்த மாதம், என்ன காரணம் எல்லாம் அந்த ஒரே பேச்சில் இருந்தது. அதை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் மனவருத்தம் உண்டு.

மற்றப் பறவைகளைப் பற்றி நீட்டவில்லை. இலங்கைக் காட்டுப் புறா பழம் காய்க்கிற இடத்தைத் தேடி மலைக்கு மலை மாறும். ஒரு காட்டுத் துண்டை மட்டும் காப்பாற்றி வைத்தால் அதற்குப் போதாது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் இன்னொரு ரகம். வடமேற்கு இமயத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இலங்கை மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வரும். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குள்ளேயே பார்க்கலாம். உலகம் முழுக்கத் தேடுகிற ஒரு பறவை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்து சத்தம் போடுகிற பூங்காவில் புதருக்குள் வாலாட்டிக்கொண்டிருக்கும்.

மீன் கதை வேறு. மலை உச்சியில் மீன் அதிகம் இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். உயரம் ஏற ஏற, நம் நாட்டு மீன் இனங்கள் குறைந்துகொண்டே போகும். நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஏற முடியாது, தண்ணீரும் சில்லிட்டிருக்கும். ஹோர்ட்டன் சமவெளி ஓடையில் பெரிதாக ஒரு மீன் துள்ளினால் அது அநேகமாக வானவில் ட்ரவுட். 1880களில் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். அங்கே மட்டுமே வாழ்கிற ஒரு சின்ன இறால் இனம் உண்டு, கரிடினா சிங்கலென்சிஸ் என்று பெயர். பெரிய மீன் இல்லாத தண்ணீரில் பழகிய உயிருக்கு நடுவே வேட்டையாடும் மீனை விட்டார்கள். இன்னும் ட்ரவுட்டை மலையகத்தின் பெருமையாகச் சாப்பாட்டுப் பட்டியலில் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

கொஞ்சம் கீழே இறங்கி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, நக்கிள்ஸ் அடிவாரம் என்று போனால்தான் மீன் ஆய்வு சூடுபிடிக்கும். இலங்கையின் நன்னீர் மீன் இனங்களில் பாதிக்கு மேல் வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் பல ஒன்றிரண்டு ஆறுகளுக்குள்ளேயே அடங்கியவை. லேபியோ ஃபிஷரி என்கிற பச்சை நிறக் கெண்டை வகை, மகாவலியின் மேற்பகுதியில் பாறைக்கு நடுவே வேகமாக ஓடுகிற ஆழத் தண்ணீரில் வாழ்வது. ஆற்றை மறித்து அணை கட்டினால் மேலே குளம் கிடக்கும், ஓட்டம் நின்றுவிடும். 'தண்ணீர்தான் நிறைய இருக்கிறதே' என்பது நமக்குச் சரி. ஓட்டத் தண்ணீர் மீனுக்கு அது வேறு உலகம்.

கினிகத்தேனையை வைத்து ஒரு பழைய பரிசோதனை உண்டு. அந்த ஊர் களனிக்கும் மகாவலிக்கும் இடைப்பட்ட மேட்டில் இருக்கிறது. தென்மேற்கு ஆறுகளில் காடழிந்து மீன்கள் குறைந்துவந்ததைப் பார்த்த சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க, 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள சில இனங்களை மகாவலிப் பக்க ஓடைகளுக்குக் கொண்டுபோய் விட்டார். கண்ணாடித் தொட்டி வியாபாரத்துக்காக அள்ளப்பட்ட கறுப்பு ரூபி மீனும் அவற்றில் ஒன்று. பின்னால் எரிக் விக்ரமநாயக்க என்ற ஆய்வாளர் அந்த ஓடைகளில் தேடிப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டார். சில இனங்கள் புது இடத்தில் காலூன்றிவிட்டன. நல்லதா கெட்டதா? மீன் பிழைத்தது. ஆனால் ஓர் ஆற்றின் மீனை இன்னோர் ஆற்றில் விடுவது இன்றைக்கு யாரும் லேசாகச் செய்கிற காரியம் இல்லை. ஏற்கெனவே அங்கிருந்த மீனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி வரும். என்னைக் கேட்டால், சொந்த ஓடையைக் காப்பாற்ற முடியாதபோது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி அது.

மீன் எடுக்கிற விதத்தைச் சொல்கிறேன், பார்க்க நன்றாக இருக்கும். ஓடையில் ஒரு துண்டைத் தேர்ந்து மேலும் கீழும் சின்னக் கண் வலையால் மறித்துவிடுவார்கள். ஒருவர் கல்லைக் காலால் மெல்லப் புரட்டுவார். கீழே இன்னொருவர் கைவலையை அடியோடு அமர்த்திப் பிடித்திருப்பார். கல்லுக்கடியிலிருந்து அயிரை மாதிரி ஒரு மீன் வழுக்கிக்கொண்டு வந்து விழும். வெள்ளை பேசினில் தண்ணீரோடு விட்டால் அப்போதுதான் அதன் அழகு தெரியும்: உடம்பு நெடுகக் குறுக்கே கறுப்புப் பட்டைகள், வாயைச் சுற்றி மீசை, கையளவு கூட இல்லை. அடியில் போய் அப்படியே பதுங்கி, கல் இருக்கிறதாக நினைத்து பேசின் மூலையில் தலையைச் செருகும். நீளம் அளந்து, படம் எடுத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கூடவே தண்ணீரின் வெப்பநிலை, கரைந்திருக்கிற ஒட்சிசன், அடியில் கல்லா மணலா சேறா, தலைக்கு மேலே எவ்வளவு நிழல் என்றெல்லாம் எழுதுவார்கள்.

அந்த நிழல் கட்டத்தில்தான் குருவியும் மீனும் ஒன்று சேர்கின்றன. கரையில் மரம் இருந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும், இலையும் பூச்சியும் விழும், மண் சரியாது. மரத்தை எடுத்துவிட்டுத் தேயிலையையோ லீக்ஸ் பாத்தியையோ தண்ணீர் விளிம்பு வரைக்கும் கொண்டுபோனால், முதல் பெருமழையிலேயே கல்லிடுக்கெல்லாம் சேறு நிரம்பிவிடும். அயிரை ஒளிய இடமில்லை, குருவி தின்னப் பூச்சியில்லை. பறவைக் குழு தனியாகவும் மீன் குழு தனியாகவும் ஒரே ஓடைக்கு வெவ்வேறு மாதம் வந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் ஒரே லொறியில் வந்தால் என்ன?

இன்னும் இரண்டு சங்கதி. ஒன்று, சிறு நீர்மின் நிலையங்கள். சின்னது, புகை இல்லை, நல்லது என்றுதான் சொல்லப்படும். ஆனால் மேலே குறுக்கே சுவர் கட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்துக் கீழே இயந்திரத்துக்கு விட்டால், இடையில் இருக்கிற ஓடை வறட்சி மாதங்களில் வெறும் கல்லாகக் கிடக்கும். மற்றது தோட்டத்தில் அடிக்கிற மருந்து. 2015இல் கிளைபொசேற் என்கிற களைகொல்லியைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். எந்த மருந்தாக இருந்தாலும், அடித்து முடித்த டாங்கியை எங்கே கழுவுகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கிற தண்ணீரில்தான். அந்தத் தண்ணீர்தான் கீழ் லயத்துப் பீலிக்கு (ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற குழாய்க்கு) வருகிறது. தோட்டத்து மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த நேரடியான பதில் இதுதான்: மீனுக்காக எழுதுகிற தண்ணீர்க் கணக்கு உங்கள் குடிதண்ணீர்க் கணக்கும்தான். ஆய்வு முடிந்ததும் அதன் ஒரு பிரதியைத் தமிழில் தோட்டத்து ஆட்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் தந்தவர்களை நான் காணவில்லை.

நீங்களோ உங்கள் பிள்ளையோ இதில் இறங்க விரும்பினால், பறவையில் தொடங்குவது சுலபம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கை களப் பறவையியல் குழு 1976இலிருந்து ஆட்களைப் பழக்கி வருகிறது. ஈபேர்ட் செயலியில் கேட்டது, கண்டது, நேரம், இடம் போட்டுவைத்தாலே ஆய்வாளர்களுக்கு உதவும். கூட்டைக் கண்டால் மட்டும் இடத்தை வெளியே சொல்ல வேண்டாம். சத்தத்தைப் பதிந்து போட்டுப் போட்டுக் குருவியை வெளியே இழுக்கவும் வேண்டாம், முட்டை வைக்கிற காலத்தில் அது பெரிய தொந்தரவு. மீனுக்கு விஷயம் வேறு. வலையோடு ஓடையில் இறங்கி ஆய்வுக்கென்று மீன் பிடிக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், காட்டுக்குள் என்றால் இடத்தைப் பொறுத்து வனத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், தோட்டத்துக்குள் என்றால் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு: வீட்டுத் தொட்டியில் வளர்ந்து பெருத்துவிட்ட டாங்க் கிளீனர் மீனைப் பாவம் பார்த்து ஓடையில் விடாமல் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.