காசில்லாமல் குரல்வழிப் பாடம்: கேளுங்கள், சொல்கிறேன்

தமிழ் உச்சரிப்பு வகுப்பு எடுக்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது, இதுவரை எந்தச் செயலிக்கும் சந்தா கட்டியதில்லை என்று போன வாரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. சரி, இன்று மாலை முழுக்க இங்கேதான் இருக்கிறேன், கேளுங்கள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, சாதாரண டீச்சர்தான். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே வருகிறது. வீட்டுப் பயிற்சிக்கு எந்தச் செயலி நல்லது? பாதி வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பா கையில்.

அப்படியானால் புதிதாக எதையும் இறக்கச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குரல் பதிவே போதும், ஏனென்றால் அது ஏற்கெனவே அந்த போனில் இருக்கிறது, அப்பாவுக்கும் பழக்கம். நான் செய்வது இதுதான்: முதலில் நானே 20 விநாடிக்கு ஒரு பதிவு போடுவேன், "பள்ளிச் சுவரில் பல்லி", "வாழை இலையில் வாளை மீன்" என்று நாக்கு இடறுகிற சொற்களை அடுத்தடுத்து வைத்து. பிள்ளை கேட்டுவிட்டுத் தன் குரலில் திருப்பி அனுப்பும். ஆனால் அனுப்பும் முன் தானே ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது என் வகுப்பில் சட்டம். மைக் பொத்தானை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பேசி நிறுத்தியபின் போட்டுக் கேட்கலாம், பிடிக்கவில்லையென்றால் குப்பைத்தொட்டி. தன் குரலைத் தானே கேட்கிற பிள்ளை பாதித் தப்பை நான் சொல்லாமலே பிடித்துவிடும்.

செயலிக்குத்தான் காசில்லை, உங்கள் காதுக்கு உண்டு. 35 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் கேட்கவே 35 நிமிடம், பதில் பேச இன்னொரு அரை மணி. முதல் வாரம் ஆசையாகச் செய்வீர்கள், மூன்றாம் வாரம் விட்டுவிடுவீர்கள், நானே விட்டவள்தான். அதனால் ஒரு நாளைக்கு ஏழு பேர், வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பே முடிந்துவிடும். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று இரண்டு மடங்கு வேகத்தில் மட்டும் கேட்காதீர்கள், அந்த வேகத்தில் ளகரமும் ழகரமும் ஒன்றாகத்தான் காதில் விழும்.

கேள்வி: அதே ஆள்தான் அக்கா. பதிவை வகுப்புக் குழுவில் போடச் சொல்லலாமா, தனியாகவா?

தனியாக. குழுவில் ஒரு பிள்ளை "மளை" என்று சொல்லி அனுப்ப, இன்னொரு பிள்ளையின் பெரியம்மா சிரிப்பு முகம் போட, அதோடு அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நடந்தது.

கேள்வி: பிளஸ் டூ டியூஷன் எடுக்கிறேன் அக்கா, 60 பேர், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிகிறது, பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். டெலிகிராமா, டிஸ்கார்டா?

பெற்றோர் சண்டைக்கு வந்தது நியாயம்தான் தம்பி. வாட்ஸ்அப்பிலேயே இருக்க வேண்டுமென்றால் சாதாரணக் குழுவுக்குப் பதில் கம்யூனிட்டி தொடங்குங்கள். அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களுக்குள் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. டெலிகிராமில் ஒவ்வொருவரும் அமைப்புக்குப் போய்த் தன் எண்ணை யாருக்கும் காட்டாதபடி மாற்றிக்கொள்ள வேண்டும், முதல் வகுப்பிலேயே எல்லோரையும் உட்காரவைத்து அதைச் செய்யவைத்துவிடுங்கள். மற்றபடி டியூஷனுக்கு டெலிகிராம் வசதி. பழைய பாடங்களைத் தாமதமாகச் சேர்ந்தவனும் பார்க்கும்படி வைக்கலாம், ஒரு கோப்பு 2 ஜிபி வரை ஏறும், சரியான விடையைக் காட்டும் வினாடி வினா வாக்கெடுப்பும் உண்டு. குழுவிலேயே குரல் அரட்டை திறந்து இரவு ஒன்பது மணிக்குச் சந்தேகம் கேட்கச் சொல்லலாம். கெடுதல் என்னவென்றால், புதுப்படம் தேடிப் போகிற பையனுக்கும் அதே செயலிதான். பாடம் பார்க்க உள்ளே போனவன் எங்கே திரும்பி வந்தான்?

டிஸ்கார்டில் குரல் அறை எப்போதும் திறந்தே கிடக்கும், நாலு பேர் சேர்ந்து படிக்க அருமையான இடம். ஆனால் விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பழகியது, மற்றவர்களுக்குப் புரிய ஒரு வாரமாகும். 13 வயதுக்குக் கீழே என்றால் பேச்சே வேண்டாம்.

அப்புறம், 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. உங்கள் பிளஸ் டூ பிள்ளைகளும் அதில் வருவார்கள். எந்தச் செயலியானாலும் பெற்றோரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் ரீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து. சூமில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துபோகுது. வேறு வழி உண்டா? பிள்ளைகளிடம் டேட்டாவும் குறைவு.

கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு மணி நேரம் இலவசம். ஜிட்சி மீட்டில் அந்த மாதிரி மணிக்கூடு கிடையாது. 2023 ஆகஸ்டிலிருந்து அறையைத் திறக்கிற ஆள் மட்டும் ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும், பிள்ளைகளுக்குத் தேவையில்லை, இணைப்பைத் தட்டினால் உள்ளே வந்துவிடலாம். டேட்டாவுக்கு ஒரே வழி, எல்லோரும் காணொளியை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் இருப்பது. ஒன்று சொல்லவா? 40 நிமிடத்துக்கு மேல் பத்து வயதுப் பிள்ளை திரை முன்னால் உட்காரவே வேண்டாம். அறுந்துபோனால் போகட்டும், மிச்சத்தைக் குரல் பதிவாக அனுப்புங்கள்.

கேள்வி: மேடம், கர்நாடக சங்கீதம் சொல்லித் தருகிறேன். ஆன்லைனில் என் சுருதிப்பெட்டிச் சத்தம் மாணவிக்குக் கேட்பதில்லை என்கிறாள், குரலும் விட்டு விட்டுப் போகிறதாம். நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

நெட்டின் மேல் பழியில்லை. இந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்தவை. ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்கிற எந்தச் சத்தமும் அவற்றுக்கு மின்விசிறி மாதிரிதான், உங்கள் சுருதியையும் விசிறி என்று நினைத்து வெட்டிவிடுகிறது! நீண்ட கார்வை பிடித்தால், அதாவது ஒரே சுரத்தை நீட்டிப் பாடினால், அதையும் கடித்துவிடும். சூமில் ஒலி அமைப்புக்குள் இசைக்கலைஞர்களுக்கென்று ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். போட்டால் இரண்டு பக்கமும் இயர்போன் கட்டாயம், இல்லாவிட்டால் எதிரொலி.

ஆனாலும் சேர்ந்து பாடுவது நடக்காது. குரல் அங்கே போய்ச் சேர ஒரு நொடியில் ஒரு பங்கு பிடிக்கும், அங்கிருந்து திரும்ப இன்னொரு பங்கு. பேச்சில் தெரியாது, தாளத்தில் அப்பட்டமாகத் தெரியும். அதனால் சுருதியை மாணவியின் வீட்டில் ஓடவிடுங்கள், தாளம் அவளே போடட்டும். நீங்கள் ஒரு வரி பாடி மைக்கை அணைத்தபின் அவள் பாடட்டும். வகுப்பு முடிந்ததும் அன்றைய வரிசையை நல்ல ஒலியில் பதிந்து அனுப்பினால் வாரம் முழுக்கச் சாதகம் செய்வாள். பதிந்ததை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும், 2000-இலிருந்து இலவசமாகவே இருக்கிற மென்பொருள். அதில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம், சுரம் அசைகிற கமகத்தைப் பிரித்துக் கேட்க அது ஒன்றே போதும்.

கேள்வி: டொரொண்டோவில் இருக்கிறோம் அக்கா. மகளுக்கு எட்டு வயது, தமிழ் விளங்கும், பேச மாட்டாள். அம்மம்மா ஊரில். நேரமும் ஒத்து வராது.

பள்ளி விட்டு நாலு மணிக்கு அவள் வீட்டுக்கு வரும்போது ஊரில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. நேரலை அழைப்பு எப்படி ஒத்துவரும்? குரல் பதிவுக்கு அந்த வில்லங்கம் இல்லை. அம்மம்மா காலையில் ஒரு கேள்வி கேட்டு அனுப்பட்டும், "இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?" என்பது போல. மகள் பின்னேரம் பதில் சொல்லட்டும், ஒரே சொல்லாக இருந்தாலும். நீங்கள் பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். முகம் பார்த்துப் பேச வெட்கப்படுகிற பிள்ளைகள் போனிடம் பேசிவிடும், இதை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்து தெரிந்தபின் கூகுளின் ரீட் அலாங் கொடுங்கள், சத்தமாக வாசித்தால் கேட்டுத் திருத்தும், தமிழ்க் கதைகள் உண்டு.

கேள்வி: டீச்சர், என் வகுப்பில் பார்வையில்லாத ஒரு மாணவர் இருக்கிறார். குழுவில் போடுவது எதுவும் அவருக்குப் புரியவில்லை என்கிறார்.

என்ன போடுகிறீர்கள்? கரும்பலகையைப் படம் பிடித்தா? அவருடைய போனில் திரையை வாசித்துச் சொல்கிற டாக்பேக் எழுத்தைத்தான் வாசிக்கும், படத்தைத் தந்தால் பெரும்பாலும் "படம்" என்று சொல்லிவிட்டு நிற்கும். அறிவிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், பாடத்தைக் குரலில் அனுப்புங்கள், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் "மூன்றாம் பாடம், இரண்டாம் பகுதி" என்று சொல்லுங்கள், இல்லையென்றால் இருபது பதிவில் எது எது என்று அவர் எப்படித் தேடுவார்? விண்டோஸ் கணினி இருந்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், பார்வையற்றவர்களே தொடங்கிய திட்டம், தமிழும் வாசிக்கும்.

கேள்வி: கல்லூரியில் தமிழ்த்துறை. மாணவர்களை வைத்துப் பாட்காஸ்ட் தொடங்கலாமா அக்கா?

தொடங்கலாம், ஸ்பாட்டிஃபையில் ஏற்றக் காசில்லை. ஆனால் ஐந்தாவது பகுதியோடு நின்றுபோன கல்லூரி பாட்காஸ்ட் ஊர்ப்பட்டது கிடக்கிறது. நான் என்றால் மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற குரல் சேகரிப்புத் திட்டத்தில் உட்காரவைப்பேன். 2017-இல் தொடங்கியது, தமிழும் இருக்கிறது. திரையில் வருகிற வாக்கியத்தை வாசித்துப் பதியலாம், அடுத்தவர் வாசித்ததைக் கேட்டுச் சரியா தப்பா என்று சொல்லலாம். சேர்கிற குரல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அடுத்தவர் உச்சரிப்பைத் தீர்ப்புச் சொல்லும்போது மாணவர்களுக்குள் ஒரு சண்டை வரும் பாருங்கள், அதுதான் பாடம்.

கேள்வி: இலவசத் தளம் மூடிவிட்டால்?

மூடத்தான் செய்யும். எட்மோடோ என்ற வகுப்புத் தளம் 2022 செப்டம்பரில் போனது, பிள்ளைகள் காணொளி பதிந்து அனுப்பிய ஃபிளிப் தனித்தளமாக இருப்பது 2024-இல் நின்றது, ஸ்கைப் 2025 மே மாதம். நான் ஒரு சின்ன இலவசத் தளத்தில் இரண்டு வருடம் பிள்ளைகள் சொன்ன கதைகளைச் சேர்த்து வைத்திருந்தேன், ஒரு நாள் திறந்தால் பக்கமே இல்லை. அதில் முதல் கதை சொன்ன பிள்ளை இப்போது கல்லூரி போகிறாள், அந்தக் குரல் யாரிடமும் இல்லை. மாதக் கடைசி ஞாயிறு எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென்டிரைவில் போடுகிறேன் இப்போது.

கேள்வி: நல்ல மைக் எது வாங்கலாம்?

வாங்காதீர்கள். விசிறியை நிறுத்துங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதன் முன்னால் நில்லுங்கள், போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினால் தட்டச்சு ஆகிறதே, அதையே உச்சரிப்புச் சோதனையாக வைக்கலாமா?

நானும் ஆசையாக முயன்றேன். "பல்லிக்கூடம் போனேன்" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன், சமர்த்தாக "பள்ளிக்கூடம் போனேன்" என்று எழுதியது. என்ன சொல்ல வருகிறோம் என்று ஊகித்துத் தானே திருத்திக்கொள்கிறது, எழுதுகிறவருக்கு அது உதவி, நமக்கு இடைஞ்சல். கட்டுரை சொல்லி எழுதப் பயன்படுத்துங்கள். ழகரத்துக்கு இன்னும் உங்கள் காதுதான். எனக்கும் இன்றைக்கு ஏழு பதிவு காத்திருக்கிறது, போய்க் கேட்க வேண்டும்.