சின்ன ஊரில் வாழ்ந்து மறைந்த பாட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

பாட்டியின் முதலாண்டுத் திதிக்கு நினைவு மலர் அச்சடிக்கப் போவதாகவும், "சமைத்தார், பிள்ளைகளை வளர்த்தார், கோவிலுக்குப் போனார் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லையே" என்று கையைப் பிசைவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவராகவும், பாட்டியை லீவுக்கு லீவு பார்த்தவராகவும் இருக்க வேண்டும். குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் "ஒன்றும் இல்லை" என்ற சொல் என்னை உறங்க விடவில்லை. அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் ஆயா 2016இல் காலமானார். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவர் ஆயா, அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா. ஊர் காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூர், அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். குடும்பத்தில் தமிழ் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் நினைவு மலர் எழுதும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த மலரில் "அன்பின் உறைவிடம், விருந்தோம்பலின் இலக்கணம்" என்று இருந்தது. அடுத்தடுத்த பக்கங்களில் பேரன் பேத்திகளின் படம், பட்டம், இருக்கும் நாடு. நான் எழுதியதில் ஒரே ஒரு வரியை நீக்கியிருந்தார்கள். அந்த வரி இது: "1957 முதல் 1971 வரை பலகாரம் செய்து விற்று மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார்."

நீக்கியவர் என் பெரிய அம்மான், அம்மாவின் அண்ணன். "நம் வீட்டுக்கு அது அழகில்லை, ஆத்தா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பெரிய வீட்டுப் பெண்ணுக்கு என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று இதைப் படிக்கிற யாராவது நிச்சயம் கேட்பார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும் வீடுதான். தேக்குத் தூண்தான். அதெல்லாம் ஐயாவின், அதாவது ஆயாவின் கணவரின், அப்பா காலத்துப் பர்மாப் பணம். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடு வயல்தான் அங்கே கடன் கொடுத்த எங்கள் நகரத்தார் சமூகத்தின் வசம் இருந்தது. நெல் விலை சரிந்து, வாங்கியவர்களால் கடனைத் திருப்பித் தர முடியாமல் போகவே, 1938க்குள் அது 25 விழுக்காடாக ஏறிவிட்டது. வட்டித் தொழில் செய்தவர்கள் கையில் பணத்துக்குப் பதிலாக வயல் வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த பர்மியர்களின் வயிற்றெரிச்சலும் அதில் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் பெட்டகத்தைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார்கள். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்று நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் வீட்டுப் பேரேட்டில் நிலம் இருந்தது, அடுப்படியில் அரிசி இல்லை. ஆயா அந்த வீட்டுக்கு வாழ வந்தது 1945இல், பதினான்கு வயதில். 1957இல் ஐயா நெஞ்சுவலியில் போய்விட்டார். அப்போது ஆயாவுக்கு இருபத்தாறு வயது. மூத்த பிள்ளைக்கு ஒன்பது, என் அம்மாவுக்கு ஏழு, சின்ன அம்மானுக்கு நான்கு.

செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். ஆயாவின் பதினான்கு வருஷ வாழ்க்கை அந்தப் பின்வாசலில் நடந்தது. கல்யாண வீடுகளுக்குத் தேன்குழல், மனகோலம், அதிரசம், மாவுருண்டை, சீப்புச் சீடை. மூன்றாம் கட்டில் விளக்கு வைத்துச் சுட்டு, தகர டின்களில் அடைத்து, விடிவதற்குள் பின்தெரு வழியாக மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். முன்வாசலில் கோலம் வழக்கம்போல் இருக்கும்.

ஒளித்துச் செய்ததற்கு இரண்டு காரணம். வீட்டின் பெயர் ஒன்று. ஆயா வெள்ளைச் சேலை உடுத்தியவர் என்பது இன்னொன்று. மணமகளுக்குச் சீராகப் போகிற பலகாரத்தில் கைம்பெண்ணின் கை பட்டது தெரிந்தால் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். அந்தக் கல்யாணங்கள் எதற்கும் ஆயா போனதில்லை. போனாலும் முன்னால் நின்றிருக்க மாட்டார். அவர் சுட்ட சீடை மட்டும் பந்தலுக்குள் போனது.

சீப்புச் சீடையை நான் எட்டு வயதில் அவரிடம் கற்றேன். அப்போது விற்பனையெல்லாம் நின்றுபோயிருந்தது, பேத்திக்காகச் சுட்டார். அரிசி மாவும் உளுந்து மாவும் தேங்காய்ப் பாலில் பிசைந்து, வரி விழும் அச்சில் வெள்ளைத் துணி மேல் நீளமாகப் பிழிவார். சீப்புப் பல் போல வரிவரியாக மாவு நாடா விழும். கத்தியால் விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் இடது மோதிர விரலில் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்து அழுத்தி, விரலிலிருந்து உருவித் தட்டில் போடுவார். பேசிக்கொண்டே போடுவார், தட்டைப் பார்க்கமாட்டார். நான் சுற்றியதெல்லாம் எண்ணெயில் விழுந்ததும் வாயைப் பிளந்தன. அவர் கோபப்படவில்லை. "ஆத்தா, இரண்டு நுனியும் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் எண்ணெய் பிரித்துவிடும்" என்றார். ஒரு டின் நிறைய எத்தனை சீடை வேண்டும், ஒரு கல்யாணத்துக்கு எத்தனை டின் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனை முறை அந்த விரல் வளைந்திருக்கிறது.

கடைசிக் காலத்தில் ஒரு முகாமில் கைரேகை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனோம். கருவியின் முன்னால் இருந்த பையன் நான்கு முறை விரலைத் துடைத்துத் துடைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு ரேகையே பதியவில்லை" என்றான். ஆயா மன்னிப்புக் கேட்பது போல அவனைப் பார்த்தார். எனக்கு இன்றும் அந்தப் பார்வை ஆறவில்லை.

அம்மானை நான் பழிப்பதாக நினைக்க வேண்டாம். அவர் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் பெயரில் 1952இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியில் படித்தவர். விடுமுறை நாட்களில் விடியற்காலையில் டின்களை வண்டியில் ஏற்றியவரும் அவர்தான். தெருவில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து வளர்ந்த பிள்ளைக்கு எழுபது வயதானாலும் அந்தப் பயம் போகாது. புரிகிறது. ஆனால் அவருடைய கூச்சத்துக்காக ஆயாவின் உழைப்பை அழிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இன்று காரைக்குடியில் எந்தக் கடைத்தெருவில் நின்றாலும் செட்டிநாட்டுப் பலகாரம் என்று பலகை தொங்குகிறது, பார்சல் கடல் தாண்டிப் போகிறது. அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆயா செய்தபோது மட்டும் அது எப்படி அழகில்லாமல் போனது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். அந்த வீட்டுக்கு இப்போது பங்காளிகள் முப்பது பேருக்கு மேல். ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒருவர், சென்னையில் ஒருவர், பேச்சுவார்த்தையே இல்லாதவர் ஒருவர். மழைத்தண்ணீர் இறங்கி மூன்றாம் கட்டு இடிந்துவிட்டது. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெழுகி, முகம் தெரியும்படி தேய்த்த சுவர் அது. ஓடு மாற்ற ஒன்றுசேராதவர்கள் பாத்திரத்தை எடைக்குப் போடும்போது மட்டும் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்தார்கள். மங்குச் சாமான், பித்தளைக் கொப்பரை, அதோடு ஆயாவின் மர அச்சும் போனது. பிறகு ஒரு பழம்பொருள் கடையில் அதே மாதிரி அச்சைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். ஆயாவுடையதுதானா என்று திருப்பிப் பார்க்கக் கை வரவில்லை.

அந்தப் பாத்திரக் குவியலுக்கு அடியில்தான் நோட்டு கிடைத்தது. நீளமான கணக்கு நோட்டு. மேலே பிள்ளையார் சுழி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. மூன்றாம் வகுப்பு வரை படித்தவரின் கையெழுத்து, ஆனால் ஒரு பக்கத்திலும் அடித்துத் திருத்தியது இல்லை. பச்சரிசி, உளுந்து, கடலை எண்ணெய், விறகு, மாவு இடிக்க வந்தவளுக்குக் கூலி. தை மாதமும் ஆவணியும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மார்கழியில் வரவு கிடையாது, கல்யாணம் இல்லாத மாதம். பிள்ளையார் நோன்புக்கு வாங்கிய சாமானும், பின்தெருவில் வாங்கிய கைமாற்றும் மட்டும் இருக்கும். தை பத்தாம் தேதிக்குள் அந்தக் கைமாற்று வட்டியோடு தீர்ந்திருக்கும். பதினான்கு வருஷமும் அப்படித்தான். வட்டிக்குக் கொடுத்தே எழும்பிய வீட்டின் மருமகள் வட்டிக்கு வாங்கி, நாள் தவறாமல் அடைத்திருக்கிறார். அம்மாவின் கல்யாணம் 1969இல். அந்தப் பக்கத்தில் எல்லாக் கல்யாணத்தையும் போலவே டின் கணக்கு வரிசையாக இருக்கிறது. யாருக்கு என்ற இடத்தில் "நம் வீடு" என்று எழுதி, தொகை எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.

உங்கள் பாட்டியும் பலகாரம் விற்றிருப்பார் என்று சொல்ல வரவில்லை. மாடு வைத்துப் பால் ஊற்றியிருக்கலாம், சீட்டுப் பிடித்திருக்கலாம், பிரசவம் பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது. மகன்களிடம் கேட்காதீர்கள், அவர்களிடமிருந்து "அன்பின் உறைவிடம்" தவிர வேறொன்றும் வராது. பாட்டி வீட்டுக்கு மாவு இடிக்கவோ, துணி வெளுக்கவோ, காய் கொண்டுவரவோ வந்த குடும்பங்களில் யாராவது இருப்பார்கள். போய்த் திண்ணையில் உட்காருங்கள். எங்கள் ஆயாவிடம் கூலி வாங்கியவரின் மகள் இன்னும் அதே பின்தெருவில் இருக்கிறார். நான் போனபோது, "ஆச்சி கூலியோடு ஒரு டின் உடைசல் சீடையும் கொடுத்தனுப்புவார்கள், நாங்கள் அதைத் தின்றுதான் வளர்ந்தோம்" என்றார். நோட்டில் இது இல்லை. விற்க முடியாத உடைசலைக் கணக்கில் எழுதவில்லை போலிருக்கிறது.

திதிக்கு இன்னும் நாள் இருந்தால் மலரை இப்போதே அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்துவைத்து, விடுபட்ட வரியோடு தனியாக அச்சடிக்கப் போகிறேன். அம்மானுக்கு இன்னும் சொல்லவில்லை. எங்கள் உறவுக்காரர் யாராவது இதைப் படித்து அவருக்கு அனுப்பினால் அனுப்பட்டும்.